அடை படுக்காத கோழி

"எந்தக் கோழி வாங்கலாம்னு நீங்களே சொல்லுங்க அண்ணி" என்று தம்பி மனைவி கேட்டதும் எனக்குப் புரையேறிவிட்டது. தம்பி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. என் அறைச் சுவருக்குப் பச்சை அடித்தபோதுகூடக் கேட்கவில்லை, அடித்து முடித்த பிறகு, "நல்லா இருக்கு இல்ல?" என்றார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது? பாசி பிடித்த தொட்டிக்குள் படுத்திருப்பது போல இருந்தது.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரத் துணி தூக்கித் தூக்கி இரண்டு முட்டியும் போன பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போக வேறு இடம் கிடையாது. தெருவைப் பார்த்த ஜன்னலோடு எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஆனால் தம்பி மகள் வளர்ந்துவிட்டாள். அவள் புத்தகங்கள் சாப்பாட்டு மேசையில் பரந்து கிடக்கும். ஒவ்வொரு வேளையும் அதை அடுக்கி வைக்கும்போது தம்பி மனைவி, "பாவம், பிள்ளைக்குப் படிக்க ஒரு இடம் இல்ல" என்பாள். என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டாள், புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவாள். அவளைக் கெட்டவள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதனால் கோழி என்றதும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்த வீட்டில் நான் இல்லாவிட்டால் ஆகாது என்று ஒரு காரியம் இருந்தால் அந்த அறையிலிருந்து என்னை யார் கிளப்ப முடியும்?

மறுநாளே முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கோழிக்காரரிடம் போனேன். மனிதர் பேச்சில் கெட்டி. வெள்ளைக் கோழியைக் காட்டி, "முட்டைக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஆனா கதவு சாத்துற சத்தத்துக்கே சுவரேறிக் குதிச்சிடும்" என்றார். நாட்டுக்கோழி ஒன்று மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடையில் இருந்தது. கையை நீட்டினேன், வெடுக்கென்று கொத்தியது. எனக்கு அதைத்தான் பிடித்திருந்தது. "இது கொஞ்ச நாள் முட்டை போடும், அப்புறம் அடை படுத்துடும். குஞ்சு வளர்ற வரைக்கும் முட்டைய மறந்துடணும். ஆனா நீங்க இதுக்கு ஒண்ணும் செய்ய வேணாம். தானே மேயும், பருந்து வந்தா தானே பதுங்கும்" என்றார். கடைசியாகப் பழுப்பு நிறக் கலப்புக் கோழி. மடியில் தூக்கி வைத்தால் அப்படியே உட்கார்ந்துகொண்டது. "வீட்டுக்குன்னா இதுதாம்மா. அநேகமா தினம் போடும், அடை படுக்காது. ஆனா விவரம் பத்தாது. பூனை வந்தாகூட நின்னு வேடிக்கை பாக்கும்."

சாப்பாட்டு மேசையில் அன்றைக்குப் பேசினேன் பாருங்கள், வக்கீல் தோற்றுப்போவான். தம்பி லிஃப்ட் பழுது பார்ப்பவன். தொல்லை இல்லாத எதுவும் அவனுக்குப் பிடிக்கும். "நாட்டுக்கோழியே வாங்கிடலாமேக்கா. அதுபாட்டுக்குக் கெடக்கும்" என்றான்.

"கெடக்கும், முட்டை கெடைக்காது" என்றேன். "பழுப்புக் கோழிதான் சரி. ஆனா ஒண்ணு, அதைப் போட்டது போட்டபடி விட முடியாது. வேளைக்குத் தீனி, முட்டை ஓடு கெட்டியாக கிளிஞ்சல் தூள், தண்ணி. பூனை வருதான்னு ஒரு காது எப்பவும் அங்கேயே இருக்கணும். ராத்திரிகூட பக்கத்துல ஆள் வேணும். நான் இருக்கேன்ல, பாத்துக்குறேன்."

"ராத்திரியுமா?" என்றாள் தம்பி மனைவி.

"ராத்திரிதான் முக்கியம்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பழுப்புக் கோழிகளே வந்தன. சும்மா சொல்லக்கூடாது, முட்டையாகப் போட்டுத் தள்ளின. தம்பி மனைவி தான் வேலை பார்க்கும் மருந்துக் கடைப் பெண்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்து, "எங்க அண்ணி வளர்க்கிறது" என்று சொன்னாளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அண்ணி! விடிவதற்கு முன் எழுந்து கூண்டைக் கழுவினேன். கொல்லையில் ஒரு சருகு அசைந்தாலும் முட்டி கடகடக்க ஓடினேன். தம்பி மகள்கூட, "அத்தை, இது உங்க பின்னாடியே வருது" என்று சிரித்தாள். இனி என் அறைக்கு ஆபத்தில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் பூனை ஒரு கோழியைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டது. மற்றவை சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் அழுததைப் பார்த்துத் தம்பி முகம் வாடிப்போனான். அந்த வாரக் கடைசியில் வாசலில் செங்கல் வந்து இறங்கியது.

"கூண்டு பெருசாக்கவா?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான்க்கா" என்றான் தம்பி. உண்மையான சந்தோஷத்தோடுதான் சொன்னான். "கூண்டை ஒட்டியே ஒரு ரூம். முன்னாடி அறையிலேருந்து கொல்லைக்கு ஓடியே உன் முட்டி போயிடும் போல இருக்கு. நீதானே சொன்ன, ராத்திரி பக்கத்துல ஆள் வேணும்னு."

"ஃபேன் கூட போட்டுடலாம் அண்ணி" என்றாள் அவள். அவள் கையில் அளவு நாடா இருந்தது. செங்கலை அளக்க வந்தவள் இல்லை. என் அறை ஜன்னலுக்குக் கீழே மேசை எவ்வளவு நீளம் பிடிக்கும் என்று அளந்துவிட்டு வந்திருந்தாள்.

என்ன சொல்லிச் சண்டை போடுவேன்? ஒரு வார்த்தைகூட அவர்களுடையது இல்லை. எல்லாம் நான் சாப்பாட்டு மேசையில் கைகழுவக்கூட எழுந்திருக்காமல் பேசியவை. அந்தக் கொத்துகிற நாட்டுக்கோழியை வாங்கியிருந்தால் அதுபாட்டுக்கு மரத்தில் ஏறிப் படுத்திருக்கும், நான்பாட்டுக்கு என் கட்டிலில் படுத்திருப்பேன். "மேல தகரம் போட்டா வெயில்ல காயுமே" என்று மட்டும் கேட்டேன். "கோழிக்கும் ஆகாதுல்ல, அதனால கீத்து போட்டுடலாம்" என்றான் தம்பி.

இப்போது எனக்கும் கோழிகளுக்கும் ஒரே சுவர். அவை எச்சம் போடுவதும் இறகு கோதுவதும் என் தலைமாட்டில் கேட்கிறது. முன்னறையில் புது மேசை விளக்கு எரிகிறது. பச்சைச் சுவருக்கு மஞ்சள் அடித்துவிட்டார்கள். பிள்ளை கண்ணுக்கு நல்லதாம்.

இன்று காலையில் கதவைத் திறந்து வைத்திருந்தேன். பழுப்புக் கோழி ஒன்று உள்ளே வந்தது, கட்டிலில் ஏறியது, தலையணைக்கும் போர்வைக்கும் நடுவே சாவகாசமாக ஒரு முட்டை போட்டது. போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தீனிக்கு ஓடிவிட்டது. முட்டை சுடச்சுட இருந்தது. எடுத்துப் புடவைக்குள், வயிற்றோடு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

வாசலில் தம்பி மனைவி கிண்ணத்தோடு வந்து நின்றாள். கூண்டைக் குனிந்து பார்த்தாள். "என்ன அண்ணி, ஒண்ணு கொறையுதே. எந்தக் கோழி போடல?"

"தெரியல" என்றேன்.

"போடாததைப் பாத்து வைங்க. சும்மா தீனி போட்டு என்னத்துக்கு?" என்றாள். பிறகு, "எழுந்திரிக்கலையா? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

போர்வையை இழுத்து இடுப்பைச் சுற்றிக்கொண்டேன். அவள் காத்திருந்தாள். முட்டையின் சூடு குறையாமல் இருக்க இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.