புங்கந்தோப்புச் சருகு

வரதன் வீட்டுப் புங்கந்தோப்பில் கீழ்த்தெருக்காரர் கால் வைத்ததில்லை. இரண்டு வருடம் மழை பொய்த்து மரங்கள் காலம் தப்பி இலை கொட்டியபோது, அந்தத் தெருப் பெண்கள் எருவுக்குச் சருகு கேட்டு வந்தார்கள். வரதன் வேலி தாண்ட விடவில்லை. ஆள் வைத்து அத்தனையும் கூட்டி, வறண்டு கிடந்த ஓடையில் இடுப்புயரம் கொட்டச் சொன்னார். அங்கே கிடந்து மட்கினாலும் மட்கட்டும். அவர்கள் கைக்குப் போகக் கூடாது.

கார்த்திகையில் புயல் வந்தது. ஒரே பகலில் பச்சை இலைகளைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்துப் போட்டது. பெருகிய ஓடை, பழஞ்சருகையும் பச்சைத் தழையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்த் தாங்கலில் தள்ளியது. நான்காம் நாள் அந்தச் சிற்றேரித் தண்ணீர் டிகாக்ஷன் போலக் கறுத்துவிட்டது. மீன் குத்தகை எடுத்திருந்த கீழ்த்தெரு மார்த்தாளின் கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. மீனுக்குத் தீனியாகக் கோழிக் கழிவைக் கொட்டி அவள்தான் தண்ணீரைக் கெடுத்தாள் என்றது ஊர். குத்தகையைப் பிடுங்கக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

உண்மை வரதனுக்குத் தெரியும். சொன்னவள் அதே வீட்டில் இருந்த தம்பி மகள் ஜெயப்பிரியா. கல்லூரி ஆராய்ச்சிக்காக ஓடைக்கரையில் வலை கட்டி, விழும் இலைகளை இரண்டு வருடமாகப் பைகளில் சேர்த்து வந்தவள்.

"பெரியப்பா, தானா உதுர்ற எலைலேர்ந்து மரம் பாதி சத்த திருப்பி இஸ்துக்கும். புயல் பிச்சது முழுச் சத்தோட தண்ணில வுழுந்துகீது. நீங்க குவிச்ச குப்ப வேற. எல்லாம் அழுவி, தண்ணில இருந்த ஆக்சிஜன் காலி. மீனு மூச்சு முட்டி செத்துகீது."

"யார்கிட்ட சொன்ன இத?"

"கூட்டத்துல சொல்லப் போறேன். பையும் தண்ணி பாட்டிலும் கீது. லேப்ல குடுத்தா தெரிஞ்சிடும்."

கூட்டத்தன்று காலை அவள் குளிக்கக் கிளம்புமுன் வரதன் பைகளை ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்பில் தள்ளினார். நன்றாக எரிந்தன. பாட்டில்களைச் சாக்கடையில் கவிழ்த்தார். நாலு தலைமுறைப் பெயரை ஒரு மீன்காரிக்காகச் சந்தியில் நிறுத்துவதா? அந்த வெந்நீரில்தான் அவள் தலைக்குக் குளித்தாள். குளித்து வந்த பிறகுதான் அடுப்பில் கருகிக் கிடந்த பை முனைகளைக் கண்டாள்.

தாங்கலுக்கு எதிரே கூடிய கூட்டத்தில் ஜெயப்பிரியா எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். நாட்டாண்மை ராஜாராம் வரதனைப் பார்த்தார்.

"அத்தாட்சி கேளுப்பா," என்றார் வரதன். "படிச்ச பொண்ணு, வெறுங்கைய வீசிக்கினா வந்துகீது?"

"இவரே எரிச்சிட்டாரு!"

"புயலயும் நான்தான் ஊதி வுட்டேன்னு சொல்லு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குத்தகை போயிற்று. செத்த மீனை மார்த்தாளே அள்ளிப் புதைக்க வேண்டும் என்றும் முடிவானது.

மார்த்தாள் வரதன் முன் வந்து நின்றாள். "கரையெல்லாம் சேறாகீதுங்க. தோப்போரம் மேட்டுல பொதைச்சிக்கிறேன்யா."

"நாத்தத்த என் மண்ணுக்கு எடுத்தாராத. தலைல சொமந்துக்கினு ஊர் எல்லைக்குப் போ."

"நாறுறது ஒங்க எலதான்யா," என்றாள் மார்த்தாள்.

வரதனுக்கு முகம் சிவந்தது. அவர் வாய் திறப்பதற்குள் ஜெயப்பிரியா தாங்கலில் இறங்கி, கூடையில் மீனை அள்ளத் தொடங்கியிருந்தாள்.

"அந்தக் கையோட என் வூட்டுப் படி ஏறாத!"

அவள் கூடையை மார்த்தாளின் தலையில் ஏற்றிவிட்டு, தனக்கொன்றை நிரப்பிக்கொண்டு நடந்தாள்.

வரதன் வீட்டுக்குப் போய் நாதாங்கியைப் போட்டார். தம்பி காலில் விழுந்து கேட்டும் திறக்கவில்லை. அன்று முதல், விசாரித்தவர்களிடம் தம்பிக்குப் பெண் பிறக்கவே இல்லை என்றார்.