எதிரில் நிற்பவரின் இடது

பயிற்சிக்கூடத்தில் அவருக்கு முன்னால் ஒரு மேசை; அதன்மேல் வண்ணக் கட்டைகள். எதிர் நாற்காலியில் அமர்ந்திருந்த தெரபிஸ்ட் பெண், இடது பக்கம் இருக்கும் சிவப்புக் கட்டையை எடுக்கச் சொன்னாள். அவர் தலையை வலப்பக்கம் திருப்பினார். அங்கே சிவப்பு இல்லை. அவள் மறுபடியும் இடது என்றாள். அவர் மறுபடியும் வலப்பக்கத்தையே துழாவினார். மூன்றாம் முறை அவள் தன் குரலில் இன்னும் கொஞ்சம் இனிமையைக் கூட்டியபோது அவர் கண்களை மூடிக்கொண்டார்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிக்கு அந்தக் கண்மூடல் பழகிப்போயிருந்தது. இனி அன்றைக்கு எதுவும் நடக்காது. தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. கடையின் கதவை இழுத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் மனிதரைப் போல அவர் இருப்பார்.

பக்கவாதம் அவருடைய மூளையின் வலப்புறத்தைத் தாக்கியிருந்தது. இடக்கையும் இடக்காலும் தளர்ந்தன. அதைவிட விசித்திரமாக, உலகத்தின் இடப்பாதியே அவருக்கு இல்லாமல் போயிற்று. தட்டில் இடப்பக்கத்துச் சாப்பாடு தொடாமல் கிடக்கும். முகத்தின் வலப்பாதியை மட்டும் மழித்துவிட்டுச் சவரக்கத்தியைக் கீழே வைப்பார். இடப்பக்கம் நின்று பேசுகிறவருக்கு வலப்பக்கச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். காலையில் செய்த பயிற்சி மதியத்துக்குள் மறந்துவிடும். பேச்சு மட்டும் தப்பியிருந்தது. அதைக் கொண்டு அவர் எல்லாரிடமும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு ஒண்ணுமில்ல.

அந்த வாரத் தொடக்கத்தில் மருத்துவர் அவளைத் தனியே அழைத்துப் பேசியிருந்தார். இந்தப் பிரிவில் இருக்கும் படுக்கைகள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் அதிகம். பயிற்சியில் பங்கெடுக்காத ஒருவரைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை பார்த்து முடிவு செய்வோம் என்றார். குரலில் கடுமை இல்லை. முடிவு பாதகமானால் அடுத்த இடம் நிரந்தரப் பராமரிப்பு இல்லம். அவர்கள் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இருந்தது. படியேற முடியாத மனிதர் அந்த வீட்டுக்குத் திரும்ப வழியில்லை.

படியேற முடியாத மனிதரா அவர்? நகரத்தில் அவர் ஏறாத மாடி எது?

வீடு மாற்றித் தருவதுதான் அவர்கள் தொழில். ஒரு பழைய லாரி, அவர், அவளுடைய தம்பி. கண்ணாடிச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றுவது அவள் வேலை. கல்யாணமான புதிதில், லாரியின் முன்னிருக்கையில் இருவருக்கும் நடுவே, மடியில் யார் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தையோ வைத்துக்கொண்டு போவாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் கடிகாரம் நேரம் கெட்டு மணி அடிக்கும். மூன்று பேரும் சிரிப்பார்கள். காலி செய்யப்பட்ட அறைகளின் வாசனை அவளுக்கு இன்றும் நினைவிருந்தது. சுண்ணாம்பும் பழைய தூசியும் கலந்த வாசனை. படங்கள் மாட்டியிருந்த இடத்தில் மட்டும் சுவர் வெளுக்காமல் இருக்கும். அந்தச் சதுரங்களைப் பார்த்து, இங்கே கல்யாணப் படம், இங்கே காலண்டர் என்று அவர் ஊகம் சொல்வார். அவர் சொல்வது சரியா தவறா என்று கேட்க அங்கே யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள்.

பீரோவை இறக்கும்போது அவர்தான் எப்போதும் முன்னால் பின்னோக்கி நடப்பார். தம்பி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, வழியைப் பார்த்துக் குரல் கொடுப்பான். முதுகுக்குப் பின்னால் படியா, திருப்பமா, யாராவது குழந்தை நிற்கிறதா என்று அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. மச்சான் குரலே அவருக்குக் கண். கனம் தாங்காமல் மூச்சு வாங்கும்போதுகூட, உங்க அக்காவைவிட இது எவ்வளவோ லேசு மச்சான் என்பார். அவள் காகிதக் கட்டோடு மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்கட்டும் என்றுதான் சொல்வார்.

வியாழக்கிழமை தம்பி வந்தான். அதுவரை இரண்டு தடவைதான் வந்திருந்தான்; வந்ததும் கலங்கிய கண்ணோடு வராந்தாவுக்குப் போய்விடுவான். இந்த முறை அவள் விடவில்லை. நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்பதைச் சொல்லி, உள்ளே உட்கார் என்று கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அவன் பயிற்சிக்கூடத்துக்குள் வந்து மாமாவின் வலப்பக்கமாகக் குனிந்தான்.

"என்ன மாமா, வேலைக்கு வராம இப்படி உக்காந்துட்டீங்க? லாரி உங்களைக் கேக்குது."

அவர் கண்ணைத் திறந்தார். "லாரியா கேக்குது? பின்னாடி நடக்க ஆள் கிடைக்கலன்னு சொல்லு."

தெரபிஸ்ட் நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நீளமான வாக்கியத்தை அவரிடமிருந்து அவள் கேட்டதில்லை. அன்றைய பயிற்சி நின்று பழகுவது. அதற்கு மேசை இடைஞ்சலாக இருந்தது. தம்பி அதை ஓரம்கட்டப் போனபோது, அவருடைய வலக்கை தானாகவே மேசை விளிம்பைப் பற்றியிருந்தது. தெரபிஸ்ட் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவர் இடுப்பில் பட்டையைக் கட்டி, எழுப்பி நிறுத்தி, தளர்ந்த இடக்கையை எடுத்து மேசைமேல் வைத்து, பட்டையைத் தன் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேசையின் கனத்தைத் தம்பியே தாங்கட்டும், அவர் தொட்டுக்கொண்டு நடந்தால் போதும் என்றாள்.

சின்னச் சின்ன அடியாக அவர் பின்னால் நகர்ந்தார். அவருக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால், ஒரு முக்காலி கிடந்தது.

"வலது பாருங்க மாமா," என்றான் தம்பி. "வலது. கால்ல தட்டும்."

அவருடைய தலை இடப்பக்கம் திரும்பியது. உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி, இத்தனை நாளும் போகாத பக்கத்துக்கு, துருப்பிடித்த தாழ்ப்பாள் நகர்வதுபோல மெல்லப் போய், முக்காலியின் காலைக் கண்டு நின்றது. அவரும் நின்றார்.

தெரபிஸ்ட் அவரை உட்காரவைத்தாள். பிறகு தம்பியிடம், வலது என்று சொன்னீர்களே, முக்காலி அவருக்கு இடப்பக்கம்தானே கிடந்தது என்று கேட்டாள். தம்பி விழித்தான். அவன் தப்பாக எதுவும் சொல்லவில்லை. அவனுக்கு அது வலது; அவன் சொன்னது வலது; மாமா போனதும் சரியான பக்கம். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

"வழி பாக்கறவன் கைதான் மேடம் கணக்கு. பின்னாடி போறவர் மாத்திக்குவார். எப்பவும் அப்படித்தான்."

"எதிர்ல யார் நின்னு சொன்னாலும் மாத்திக்குவாரா?"

 தம்பி அதை யோசித்ததே இல்லை. மனைவி எழுந்து நின்றாள். வாரக்கணக்காக இந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து இடது என்று சொல்ல, அவர் வலது பக்கம் திரும்பியிருக்கிறார். வலது என்று சொன்னபோதெல்லாம் இடது பக்கம் திரும்பப் பார்த்து, பாதியில் நின்றிருக்கிறார். எந்தப் பக்கம் அவர் பார்வை போகாதா என்று எல்லாரும் ஏங்கினார்களோ, அந்தப் பக்கம் அது போக முயன்றபோதே தவறு என்று நிறுத்தியிருக்கிறார்கள். சாயங்காலங்களில் அவளும் எதிரில் உட்கார்ந்து அதையேதான் செய்தாள். காகிதம் சுற்றிய கையோடு மேல்படியில் நின்று அந்தக் குரலை எத்தனை வருடம் கேட்டிருந்தாலும், பீரோவைப் பிடித்துப் பின்னால் நடந்தவள் அல்ல அவள்.

தெரபிஸ்ட் முக்காலியை இழுத்துப்போட்டு மறுபடியும் அவர் எதிரில் உட்கார்ந்தாள். சிவப்புக் கட்டையை அவருடைய இடப்பக்கம் வைத்தாள். என் கைதான் கணக்கு, வலது பக்கம் பாருங்கள் என்றாள்.

அவர் தலை புறப்பட்டது, பாதியில் நின்றது. கண்கள் மேசையின் நடுவிலேயே திரிந்தன. தம்பி வாயைத் திறந்தான், தெரபிஸ்ட் கையமர்த்தினாள். வெகுநேரம் கழித்துத்தான் கட்டை அகப்பட்டது. அடுத்ததை அவர் காணவே இல்லை. அதற்கடுத்ததையும் காணவில்லை. உலகத்தின் இடப்பாதி தொலைந்துபோனது பொய்யில்லை. யாருடைய இடது, யாருடைய வலது என்ற குழப்பம் நீங்கியதும் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவர் கண்ணை மூடவில்லை. இன்னொரு கட்டையை அவள் எடுத்துச் சொல்லத் தொடங்கியதும், குறுக்கிட்டார்.

"யார் கை?"

அவள் புரியாமல் பார்த்தாள்.

"உன் கையா, என் கையா? அதைச் சொல்லிட்டுச் சொல்லு."

அந்தப் பிரிவுக்கு வந்தபிறகு பயிற்சியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. தெரபிஸ்ட் சிரிக்காமல், இனிமேல் உங்கள் கை என்றாள். சொல்லிவிட்டு எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில், அவர் பார்க்கும் திசையையே பார்த்தபடி நின்றுகொண்டாள். மச்சான், நீ வலது பக்கம் நின்னு வாயை மூடிக்கிட்டு இரு என்று அவர் சொன்னார். தம்பி, இத்தனை வருஷம் வாயைத் திறந்ததுக்கு இதுதான் கூலியா என்று முணுமுணுத்தான்.

வெள்ளிக்கிழமை மருத்துவர் வந்தார். நேற்று நடந்ததைத் தெரபிஸ்ட் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். கணவருக்கோ அது பாதிதான் நினைவிருந்தது. மேசை தூக்கினோம் என்றார். எங்கே என்று கேட்டதற்குப் பழைய முகவரி ஒன்றைச் சொன்னார். அந்த வீட்டைக் காலி செய்து எத்தனையோ காலமாகியிருந்தது. 

வீட்டுக்குப் போக ஆசையா என்று மருத்துவர் கேட்டார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். எனக்கு ஒண்ணுமில்ல என்று அவர் சொல்லிவிட்டால், சொல்லுகிற அந்த நொடியிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

"ஆசைதான்," என்றார் அவர். வலக்கையால் இடக்கையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா இந்தப் பக்கம் எனக்கு வரல. மூணு மாடி. வர்ற வரைக்கும் இங்க பாக்கறேன்."

மருத்துவர் தெரபிஸ்டைப் பார்த்தார், அவள் தலையசைத்தாள். அடுத்த மாதமும் தொடரட்டும் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தார்.

வீட்டுக்கு அழைத்துப் போகத்தான் அவள் இத்தனை பாடுபட்டாள். இப்போது அவர் இருக்கிறேன் என்று சொன்னதில் அவளுக்கு வந்த நிம்மதியை யாரிடமும் விளக்க முடியாது என்று தோன்றியது.

கிளம்பும் நேரத்தில், இதுவரை செய்ததுபோல வலப்பக்கம் சுற்றி வந்து நிற்காமல், கட்டிலின் இடப்பக்கமே நின்றாள். வரேங்க என்றாள். அவர் சுவரைப் பார்த்து ம் என்றார். அவள் நகரவில்லை. மறுபடி சொல்லவும் இல்லை. வராந்தாவில் தள்ளுவண்டி ஒன்று போன சத்தம் கேட்டு ஓய்ந்தது. அவர் முகம் கொஞ்சம் அசைந்தது, நின்றது, மீண்டும் அசைந்தது. அவள் தோளில் தொங்கிய பையை முதலில் கண்டுகொண்டது, பிறகு பையைப் பிடித்திருந்த கையை, கடைசியில் அவளை.

"இன்னும் போகலையா? பஸ் போயிடும், கிளம்பு," என்றார்.