காத்தமுத்து என்ற பெயரில் இருவர்

செக்ரோல் என்ற பழைய வருகைப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி என் பெருவிரல் கறுத்துவிட்டது. தோட்ட ஆபிஸின் பின்னறையில் இது எனக்கு ஐந்தாவது சனிக்கிழமை. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைக்காம்பராவில் ஊரார் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வைத்திருந்துவிட்டு, ஆறாம் நாள் எழுபது வருடத்துக்கு முந்திய ஆட்கள் வேலைக்கு வந்தார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேடுவது என் அப்பாவை. அப்பா லயத்தில் சுகமாகத்தான் இருக்கிறார். காலையில் கூட தேத்தண்ணியில் சீனி காணாது என்று கோபித்துக்கொண்டார். புத்தகத்தில்தான் அவரைக் காணவில்லை.

எஹலியகொடவிலிருந்து மேலே ஏறினால் எங்கள் றப்பர்த் தோட்டம். பழைய லயத்து வரிசை வீடுகளுக்குப் பதிலாகத் தனி வீடு கட்டப்போகிறார்கள். இந்தத் தோட்டத்திலேயே பிறந்த பெரியவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு முதல் பட்டியலில் இடம். காட்டை வெட்டி இங்கே முதல் கன்று நட்டவர்களில் என் பாட்டனும் ஒருவர். எங்களுக்கு இல்லாத இடமா என்று அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு தைரியமாகப் போனேன். கிளாக்கர் முக்தார் ஐயா அதைத் தோட்டத்துப் பிறப்புப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். பிறகு இறப்புப் புத்தகத்தையும் திறந்தார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மகள், இந்தக் காத்தமுத்து ரெண்டு வயசிலயே மவுத்தாகி ஈக்காரே. வயித்துப்போக்குன்டு எழுதி ஈக்கிது."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா ஆச்சரியப்படவே இல்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

"அது எங்கண்ணன். அது போனப்புறம் நான் பொறந்தேன். ஆபிஸ்ல எழுதிக் குடுத்த புள்ள தங்கல, இத எழுதவே வேணாம்னு எங்கம்மா சொல்லிருச்சாம். அண்ணன் பேரையே வச்சி, பொட்டியில இருந்த பத்திரத்தையே எனக்கும் வச்சிக்கிட்டாங்க."

"இத்தன வருசமா ஏம்ப்பா சொல்லல?"

"யாரு கேட்டா?"

அதுவும் சரிதான். யார் கேட்டார்கள்? செத்த பிள்ளையின் பத்திரத்தை வைத்துக்கொண்டு அப்பா அடையாள அட்டை எடுத்தார், கல்யாணம் கட்டினார், ஓட்டுப் போட்டார், நாற்பது வருடம் றப்பர்ப் பால் வெட்டினார். அந்தப் பத்திரத்தால் அவருக்கு மூன்று வயது கூட. மூன்று வருடம் முந்தியே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்போதும் வாய் திறக்கவில்லை. இப்போது ஒரு வீடு கேட்கும் நேரத்தில் பெரியப்பா குறுக்கே வந்து நிற்கிறார். இரண்டு வயதுப் பெரியப்பா. அவரைக் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

முக்தார் ஐயா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. "பொய்யெழுத எனக்கு ஏலா மகள். இவரும் இங்கதான் பொறந்தாருன்டு காட்ட வேற அத்தாட்சி என்ன சரி ஈந்தா கொண்டாங்க, நான் தோட்டத் தொரையோட பேசுறன்" என்று பின்னறைச் சாவியைக் கொடுத்தார். அண்ணன் இறந்த மறுவருடம், மழைக்காலத்தில் பிறந்ததாக அப்பாவுக்குச் சொல்லியிருந்தார்களாம். எனக்குக் கிடைத்த துப்பு அவ்வளவுதான்.

அந்த ஐந்தாவது சனிக்கிழமை மத்தியானம் ஐம்பத்தைந்தாம் வருடத்துப் புத்தகத்தில் மருதாயி என்ற பெயரைப் பிடித்தேன். அப்பாவின் அம்மா. பெயருக்கு நேரே நாளுக்கொரு கட்டம், வேலைக்கு வந்த நாளுக்கொரு கோடு. ஜனவரியிலிருந்து கோடு கோடாகப் போகிறது, காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் விட்டதில்லை. ஒக்டோபரில் மட்டும் பன்னிரண்டு கட்டம் வெறுமையாகக் கிடந்தது. பிள்ளை பெற்ற மற்றப் பெண்களுக்கு வாரக்கணக்கில் பிரசவ லீவு என்று சிவப்பு மையில் போட்டிருந்தது. பிறப்பை எழுதாதவளுக்கு லீவு ஏது? பதின்மூன்றாம் நாள் மறுபடியும் கோடு.

எத்தனையோ பச்சைப் பிள்ளைக்காரிகள் என்னிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு நாளில் யாரும் போனதில்லை. எனக்கு அழுகை வந்தது.

முக்தார் ஐயா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு வெளங்குது மகள். ஆனா காய்ச்சலாவும் ஈக்கலாம்தானேன்டு தொர கேட்டா, நான் என்ன சொல்ற?" இருந்தாலும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை பேசுவதாகச் சொன்னார். நான் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினேன்.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் செக்ரோல் கோடு தெரியாத தோட்டத்து ஆள் உண்டா? படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். இது உங்கள் அம்மா, இந்த வெறும் கட்டங்களில் ஏதோ ஒன்றில்தான் நீங்கள் பிறந்திருக்கிறீர்கள் என்றேன். அவர் ஒவ்வொரு கட்டமாக எண்ணினார்.

"பன்னெண்டு நாளுதானா படுத்துருந்துச்சு?"

"ஆமாப்பா."

"மழையில மலை வேலைக்குப் போயிருக்கும்."

முக்தார் ஐயா திங்கட்கிழமை துரையிடம் பேசுவார், துரை என்ன சொல்வாரோ தெரியாது, பட்டியலில் பெயர் வராமலும் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் விழவில்லை. பதின்மூன்றாம் கட்டத்தில் இருந்த கோட்டைப் பால் வெட்டிக் காய்த்துப்போன விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் படம் நகர்ந்தது. கோடு ஓரத்துக்குப் போய் மறைந்தது, விரலை இழுத்ததும் திரும்பி வந்தது. அவர் மறுபடியும் தேய்த்தார்.