இவன் இல்லை

எங்கள் மேட்டின் உச்சியில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அதனால்தான் நானும் என் நாத்தனார் நொர்ஜ்மாவும் அன்றிரவு அங்கே போய் உட்கார்ந்திருந்தோம். வானத்தைப் பார்க்கப் போகவில்லை. அது தலைக்கு மேலே கிடந்ததால் பார்த்தோம்.

என் வீட்டுக்காரர் காணாமல் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. ஓடிப்போன பெட்டை ஒட்டகத்தைத் தேடி மோட்டார் சைக்கிளில் தெற்கே போனவர். சாயங்காலம் வந்துவிடுவேன் என்று ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினார். ஒட்டகம் மறுநாள் தானாகவே வந்து கிணற்றடியில் நின்றது. ஆகஸ்ட் மாதத்து கோபிப் பாலைவனத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் எத்தனை நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். தேடப் போன பத்துப் பேருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. நேரத்துக்குப் பால் கறந்தேன். தயிர்க்கட்டிகளைப் பலகையில் பரப்பிக் காயவைத்தேன். நொர்ஜ்மா என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தாள், வாய்விட்டும் ஒருமுறை சொன்னாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள், சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு என்று பார்த்து நட்சத்திரங்கள் கொட்டின. ஒவ்வொரு ஆகஸ்டிலும் கொட்டுவதுதான். ஒரு மனுஷனுக்கு ஒரு நட்சத்திரம், அது விழுந்தால் ஆளும் போனான் என்பது எங்கள் கணக்கு. அதனால் ஒன்று விழுவதைக் கண்டால் மூன்று தரம் துப்பி, ‘என் நட்சத்திரம் இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும். நொர்ஜ்மா ஒவ்வொன்றுக்கும் துப்பினாள். “என்னோடது இல்லை. என் தம்பியோடதும் இல்லை” என்றாள். முப்பது, நாற்பது தாண்டியதும் துப்ப எச்சிலே இல்லை. தேநீரைக் குடித்துக் குடித்துத் துப்பினாள். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மேட்டுக்குக் கீழே நகரத்துப் பிள்ளைகள் இரண்டு வேன்களில் வந்து, பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தார்கள். நட்சத்திரம் விழுவதைப் பார்ப்பதற்கென்றே அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். ஒன்று விழுந்தால் ஓவென்று கத்திக் கைதட்டினார்கள். எங்களுக்கு அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

நடுவில் ஒரு பெண் மூச்சு வாங்க மேலேறி வந்தாள். தம்பி கண்ணில் படட்டும் என்று நொர்ஜ்மா காய்ந்த சாணத்தை அடுக்கிப் பெரிதாகத் தீ மூட்டியிருந்தாள். அந்த வெளிச்சத்தில் வானம் சரியாகத் தெரியவில்லையாம், கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நொர்ஜ்மா இன்னும் இரண்டு கை சாணத்தை அள்ளிப் போட்டாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். பால் விலை சொல்வதுபோல் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள். கீழே இறங்கிப் போனதும் கைதட்டல் நின்றது. சற்று நேரத்தில் இரண்டு வேன்களும் தெற்கே திரும்பி, விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு நின்றன. பாதி நட்சத்திரங்கள் மறைந்துபோயின. எனக்கு அது வசதியாக இருந்தது.

என் வீட்டுக்காரர் பெயரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நொர்ஜ்மாவுக்குப் பின் என் மாமியாருக்குப் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதைத் தேடிச் சாவு வந்தால் ஏமாந்து திரும்பட்டும் என்று ‘எனெபிஷ்’ என்று பெயர் வைத்தாள். எங்கள் பேச்சில் அதற்கு ‘இவன் இல்லை’ என்று அர்த்தம். பள்ளியில் வாத்தியார் அந்தப் பெயரைப் படித்ததும் பையன்கள் “அவன் வரலை சார்” என்று கத்துவார்களாம். கத்தியவர்களில் முதல் ஆள் சோய்ஜில். பக்கத்துக் கூடாரத்துக்காரன், அவருக்கு உயிர்ச் சிநேகிதன். இப்போது தேடப் போனவர்களுக்கும் அவன்தான் தலைவன்.

இரண்டு மணிக்கு மேல் சோய்ஜில் போன் செய்தான். நொர்ஜ்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். இரைச்சல்தான் அதிகம் வந்தது.

“ஆளு கெடச்சாச்சு... வெள்ளைக் கிணத்துக்கு மேக்க...”

அப்புறம் காற்று. யாரோ ஒருவர் எதையோ கேட்கும் குரல். பிறகு சோய்ஜிலின் குரல் தெளிவாக, ஒரே வார்த்தை.

“எனெபிஷ்.”

லைன் அறுந்துபோயிற்று. திரும்பத் திரும்ப அடித்தும் கிடைக்கவில்லை.

நொர்ஜ்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிடைத்தது யாரோ ஒருவன், ‘இவன் இல்லை’ என்றுதானே சொன்னான், பாவம் எந்த வீட்டுப் பிள்ளையோ என்றாள். உடனே மாற்றிக்கொண்டாள்.

“இல்ல தூல்மா, அது பேராவே இருக்கட்டும். அப்பவும் நல்லதுதான். செத்தவங்க பேரை நம்மள்ல யாராச்சும் வாயால சொல்லுவோமா? சோய்ஜில் சொல்லுவானா? பேரைச் சொல்லிட்டான்னா உயிரோட இருக்கான்டி.”

எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. நொர்ஜ்மா வானத்துக்கு நன்றியாகப் பாலைக் கரண்டியில் மொண்டு நான்கு திசைக்கும் வீசினாள். கீழே இருந்தவர்களைப் பார்த்து, தம்பி கிடைத்துவிட்டான் என்று கத்தினாள். அவர்கள் மறுபடி கைதட்டினார்கள், இந்த முறை எங்களுக்காக. நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறான் என்ற சேதி கேட்டும் ஒரு பெண்ணுக்குள் ஒன்றும் அசையவில்லை என்றால் அவள் என்ன பிறவி என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. ஒன்று மட்டும் முள்ளாக உறுத்தியது. சோய்ஜில் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘வராதவன்’ என்பான், ‘மொட்டை’ என்பான். இதை நொர்ஜ்மாவிடம் சொல்லவில்லை. தம்பி பசியோடு வருவான் என்று அவள் ஆட்டுக்கறி வேகவைக்கக் கூடாரத்துக்கு இறங்கிப் போனாள். நான் போனைப் பிடித்தபடி அங்கேயே இருந்தேன்.

வெளுக்கும் நேரத்தில் ஜீப் வந்தது. நான் இறங்கிப் போனேன். சோய்ஜில் தனியாகத்தான் இருந்தான். வழக்கமாக வண்டி நிற்கும் முன்பே எதையாவது சொல்லிச் சீண்டுகிறவன், ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டான். ஆயிற்று என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அண்ணி, உங்ககிட்டப் பேசிட்டிருக்கறப்பவே போலீஸ்காரர் வந்து பேர் கேட்டாரு. எழுதணும்னாரு. சொல்லாம இருக்க முடியல. போன் ஓடிட்டிருந்தத நான் கவனிக்கல.”

மீதியையும் அவனே சொன்னான். பைக் ஓடைப்பள்ளத்தில் கவிழ்ந்திருக்கிறது, தலையில் அடி. முதல் நாளே முடிந்திருக்கும் என்று போலீஸோடு வந்த டாக்டர் சொன்னாராம். அப்படியானால் நேற்று விழுந்தவற்றில் ஒன்றுகூட அவருடையது இல்லை. நொர்ஜ்மா ராத்திரி முழுக்க உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்கு அதுதான் தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்டேன். மத்தியானம் என்றான்.

நொர்ஜ்மா கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள். நல்ல நீல அங்கியை எடுத்து உடுத்தியிருந்தாள். இரண்டு கையாலும் ஆவி பறக்கும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எனெபிஷ் எங்கப்பா? பின்னால வர்ற வண்டியிலயா?”

சோய்ஜில் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொல்லமாட்டான். சொல்ல வேண்டியவள் நான்தான்.

“அக்கா, இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க” என்றேன்.