நான்காம் மேசை ரீஸ்லிங்

என் மனைவி கிளெனிஸுக்கு ஹியூகோ பென்ஹால் என்றால் உயிர். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருபது வருடமாக அவர் சனிக்கிழமைப் பத்திரிகையில் ஒயின்களைப் பற்றி எழுதிவருகிறார். எங்கள் பெட்ரோல் பங்கின் கல்லாவில் உட்கார்ந்து அவளும் இருபது வருடமாக அதைப் படித்துவருகிறாள். எதிரே ஆள் வந்து நின்றாலும் கடைசி வரி முடியும்வரை தலை நிமிராது. நான் பீர் குடிக்கிறவன். ஒயினில் வெள்ளை, சிவப்பு என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் பென்ஹால் எங்கள் கிளேர் ஊருக்கே வருகிறார் என்று அறிவித்தார்கள். ஊர் மண்டபத்தில் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையின் பழைய ஒயின்கள் ஐந்தைத் திறப்பார்கள். அவர் ஒவ்வொன்றாக விளக்க, வந்தவர்கள் சுவைத்துப் பார்க்கலாம். கிளெனிஸ் முதல் நாளே டிக்கெட் வாங்கிவிட்டாள். கார் ஓட்ட ஆள் வேண்டுமே என்று எனக்கும் ஒன்று. அவரைப் பார்த்தால் என்ன பேசுவது என்று இரண்டு வாரம் குளியலறையில் ஒத்திகை நடந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில், வேறு வாசம் எதுவும் மூக்கில் ஏறக்கூடாதென்று காப்பி கிடையாது, எனக்கு ஷேவிங் லோஷன் கிடையாது, காரில் ஏறுமுன் என் சட்டையைக்கூட முகர்ந்து பார்த்தாள்.

மண்டபத்தில் ஐந்து மேசைகள், மேசைக்கு எட்டுப் பேர். எங்களுக்கு நான்காவது. பக்கத்தில் வெர்னன் என்று ஒருவர், அடிலெய்டில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு நிலவறையில் எத்தனை புட்டிகள் இருக்கின்றன என்பதை நாங்கள் உட்காருவதற்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டார். கிளெனிஸும் பதிலுக்கு எங்கள் பங்கைப் பற்றிச் சொன்னாள்.

பென்ஹால் மேடைக்கு வந்தார். நெட்டையான மனிதர், கழுத்தில் தடித்த மப்ளர், கண்கள் லேசாகக் கலங்கியிருந்தன. முதல் இரண்டு ஒயின்களைப் பற்றி அவர் பேசியதை கிளெனிஸ் வாய் திறந்தபடி கேட்டாள். மூன்றாவது, தொண்ணூற்றேழாம் வருடத்துச் சரக்கு. எங்கள் பள்ளத்தாக்கில் ஒயின் செய்பவர்கள் திருகு மூடிக்கு மாறுவதற்கு முன்பு தக்கை வைத்து அடைத்தது. மேசைக்கு ஒரு புட்டி வந்தது. எலுமிச்சைத் தோல், தேன், வாட்டிய ரொட்டி என்று பென்ஹால் அடுக்கிக்கொண்டே போனார். வெர்னன் கண்ணை மூடி, "ஆகா, அந்த ரொட்டி வாசம்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கிளெனிஸ் முகர்ந்தாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்து முகர்ந்தாள்.

"ராஸ், இதுல நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வருது."

நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒயின் வாடைதான் வந்தது. ஆனால் அவள் மூக்கை நான் சந்தேகப்படுவதில்லை. பெட்ரோல் காரில் யாராவது தப்பாக டீசல் போட்டுவிட்டால், டாங்க் வாயில் ஒரு முறை குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவாள்.

வெர்னன் காதில் விழுந்துவிட்டது. "பாவம், நாள் பூரா பெட்ரோலையே மோந்துட்டு இருந்தா மூக்கு என்னதான் பண்ணும்?" என்றார், சிரித்தபடியே.

அவள் முகம் சிவந்தது. கிளாஸோடு எழுந்தாள். அவர் தலையில் ஊற்றப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். நல்லவேளை, நேரே மேடையை நோக்கி நடந்தாள். அப்போது இடைவேளை விட்டிருந்தார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போனதோ. கிளாஸை அவர் முன்னால் நீட்டி, "தக்கையால இது கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அவர் கிளாஸுக்குள் மூக்கை விட்டு வெகுநேரம் நின்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், அவள் பெயரைக் கேட்டார்.

"கிளெனிஸ், உங்ககிட்ட மறைக்க முடியல. செவ்வாக்கிழமையிலேருந்து எனக்கு ஜலதோஷம். இதுல இருக்கறது ஒயினா தண்ணியான்னுகூட எனக்குத் தெரியல."

"அப்போ மேடையில சொன்னதெல்லாம்?"

"போன வருஷம் குடிச்சப்போ நோட்டுல எழுதி வச்சது."

அவள் திரையை விலக்கி மண்டபத்தைப் பார்த்தாள். பிறகு, அத்தனை பேர் அங்கே கெட்டுப்போனதைக் குடித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்களே என்று கேட்டாள். எட்டுப் பேர்தான், நம் மேசைப் புட்டி மட்டும்தானே என்றேன் நான். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மீதி இரண்டு ஒயின்களின் புட்டிகளையும், பரிமாறுவதற்கு முன்னால் முகர்ந்து பார்த்துத் தர முடியுமா என்று பென்ஹால் கேட்டார். சத்தமில்லாமல், திரைக்குப் பின்னாலேயே.

"பாக்கறேன். ஆனா மொதல்ல மேடையேறி ஜலதோஷம்னு சொல்லுங்க. சொன்னாத்தான்."

அவர் மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையை நிதானமாக மடித்தார். அவள் அவரைப் படித்த இருபது வருடமும் அந்த மடிப்போடு முடிந்துவிடும் போலிருந்தது எனக்கு. பிறகு போய்ச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நான்காம் மேசைப் புட்டி கெட்டுப்போனது, அதைக் கண்டுபிடித்தது இந்த அம்மாள் என்றும் சொன்னார். வெர்னன் தன் கிளாஸைப் பார்த்தார். அதில் ஒரு சொட்டும் மிச்சமில்லை.

கிளெனிஸ் பத்துப் புட்டிகளையும் முகர்ந்தாள். ஒன்றை ஒதுக்கினாள். வேலை முடிந்தது என்று இறங்கப் போனவள் கையில் பென்ஹால் மைக்கைக் கொடுத்து, நான்காவது ஒயினில் என்ன வாசம் என்று அவளையே சொல்லச் சொன்னார். எலுமிச்சை இலையைக் கசக்கின வாசம், மழை விட்டதும் தகரக் கூரையிலிருந்து வரும் வாசம், கடைசியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் என்றாள். "மண்ணெண்ணெய் எனக்குத் தெரியும். முப்பது வருஷமா விக்கிறேன்" என்றதும் சிரிப்பு. பழைய ரீஸ்லிங்கில் அது வரவேண்டிய வாசம்தான் என்று சொல்லி, பென்ஹால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

ஐந்தாவதில் பீச் பழ வாசம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள்.

"என் நோட்டுல பீச்னு இருக்கே?"

"நோட்டுல இருக்கலாம். கிளாஸ்ல இல்ல."

அவர்தான் முதலில் கை தட்டினார்.

முடிந்ததும், அடுத்த மாதம் பக்கத்து ஊர் ஆபர்னில் இதேபோல ஒன்று இருக்கிறது, வரமுடியுமா என்று கேட்டார். மூக்கு சரியானாலும், தன்கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது என்றார். பங்கில் வேலைக்கு யாராவது கிடைத்தால் வருகிறேன் என்றாள், ஏதோ தினமும் இப்படி நாலு பேர் கூப்பிடுவதுபோல.

காரில் ஏறியதும், ஏமாற்றமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"கோவம் வந்துச்சு. ஆனா அவ்ளோ பேர் முன்னாடி போய்ச் சொன்னார் பாரு, அது பிடிச்சிருந்துச்சு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அவர் எழுதறதைவிட திரைக்குப் பின்னால கொஞ்சம் கம்மியாத்தான் பேசறார், இல்ல?" என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள். மெயின் ரோட்டில் மீன் வறுவல் கடை அப்போதுதான் திறந்திருந்தது. ஒரு பொட்டலம் வாங்கி, காரிலேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம்.