எட்டு நிமிஷத்து நோயாளி

"எனக்கு நுரையீரல் வியாதி வந்துச்சு. எட்டே நிமிஷம். அப்புறம் பூரண குணம்! மருந்து கிடையாது, ஊசி கிடையாது, உட்கார்ந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கக்கூட இல்ல. அந்தம்மா ஒரு பொத்தானை அமுக்குச்சு, நான் பயில்வான் ஆயிட்டேன்."

கல் அறுக்கும் பட்டறையின் தண்ணீர்க் குழாயடியில் நின்று சீட்டி இப்படி அளந்தபோது, சுற்றி நின்றவர்கள் சிரித்துச் சிரித்து இருமினார்கள். இருமி முடித்ததும் நம்பினார்கள். ஏனென்றால் அத்தனை பேரும் ஆற்றைத் தாண்டி வந்த குடும்பத்து அக்கரைக்காரர்கள். நம்பாத ஒரே ஆசாமி அவன் அக்காவைக் கட்டிய மாமாதான். அவர் இக்கரைக்காரர்.

சீட்டி என்பது பட்டறை வைத்த பெயர். வாலிபத்தில் அவன் இரண்டு விரலை வாயில் கொடுத்து ஊதினால், பன்னிரண்டு ரம்பங்கள் ஒன்றாகக் கல் அறுக்கும் ஓசையையும் கிழித்துக்கொண்டு போய், மூன்றாம் தெருவில் போகிற லாரி பிரேக் போடும். ஒருமுறை ரயிலே நின்றதாகச் சொல்வார்கள். ரயில்பாதை அங்கிருந்து பதினோரு மைல், அதை விடுங்கள். இப்போது நாற்பத்து மூன்று வயதில், சூடான டீயை ஊதி ஆற்றவே அவனுக்கு இரண்டு தவணை வேண்டியிருந்தது.

பட்டறைத் தூசி லேசுப்பட்டதல்ல. காலையில் கறுப்பு நாய் ஒன்று உள்ளே நுழைந்தால் மத்தியானம் வெள்ளை நாயாகத்தான் வெளியே போகும். பெற்ற குட்டிகளே அதைப் பார்த்துக் குரைக்கும். அந்தத் தூசியில் ஏழாம் நம்பர் ரம்பத்தின் இரண்டு முனையில் பத்தொன்பது வருஷம் நின்றவர்கள் சீட்டியும் மாமாவும். மாமா பலகைக் கல்லைத் தள்ளுவார், சீட்டி அந்தப் பக்கம் வாங்குவான். அப்படித் தள்ளி வாங்கிப் பழகித்தான் அவர் அவன் அக்காவையே கட்டினார். தூசிக்கு மட்டும் யார் எந்தக் கரை என்று பார்க்கத் தெரியவில்லை. இரண்டு மூக்கிலும் வஞ்சகமில்லாமல் சமமாகப் போனது.

வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் மூச்சுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழாயைக் கவ்வி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் ஊதித் தள்ள வேண்டும். நூற்றுக்கு இவ்வளவு என்று மெஷின் ஒரு கணக்குச் சொல்லும். எண்பதுக்குக் கீழே போனால் 'தூசி நோய்' என்று காகிதம் தருவார்கள். காகிதம் கிடைத்தவனுக்கு ரம்பத்திலிருந்து விடுதலை. வாசல் கேட்டில் நாற்காலி, அதே சம்பளம், மாதாமாதம் மருந்து. எண்பதும் அதற்கு மேலும் என்றால், "நல்லா இருக்கீங்க, போய் வேலையைப் பாருங்க."

ஆகவே ஊரில் எல்லாரும் ஆரோக்கியத்துக்கு வேண்டிக்கொள்ள, சீட்டி வீட்டில் மட்டும் வியாதிக்கு வேண்டிக்கொண்டார்கள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது. ஆனால் நாலு வருஷமாக மெஷின் அவனை நோயாளி என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. இன்னும் ஒரு வருஷம் ரம்பத்தடியில் நின்றால் ஆள் தேறமாட்டான் என்பது கண்ணில் பார்த்தவனுக்கெல்லாம் தெரிந்தது. மெஷினுக்குத்தான் கண் இல்லையே.

அந்த வருஷம் மாமாவும் அவனும் ஒரே நாளில் போனார்கள். முதலில் மாமா உள்ளே போனார். மெஷின் அறையில் இருக்கிற அம்மாவைப் பட்டறை முழுக்க 'மெஷினம்மா' என்றுதான் கூப்பிடும். நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிறவளைப் போல அவள் கத்துவாள்: "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க!" மாமா ஊதினார். இரண்டே முக்கால் லிட்டர். எழுபத்தாறு. தூசி நோய். மாமா காகிதத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடக் கீழே இறங்கினார்.

அடுத்தது சீட்டி. கண் பிதுங்க, கால் விரல் மடங்க ஊதினான். இரண்டரை லிட்டருக்குச் சற்று மேல். மெஷின் காகிதத்தைத் துப்பியது.

"எழுபத்திரண்டு," என்றாள் மெஷினம்மா. "பாவம், உங்களுக்கும் நோய்தான்."

சீட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கேயே போனை எடுத்தான்.

"ஏய், எனக்கு வியாதி வந்துருச்சு!"

"நிஜமாவா? சாமி கண்ணத் திறந்துருச்சு!" என்றாள் பெண்டாட்டி. "எவ்வளவு?"

"எழுபத்திரண்டு! உங்க அண்ணனவிட நாலு கம்மி!"

மாமா அவளுக்கு அண்ணன் முறை. எதிலும் அவரை முந்தாத புருஷன் முதல்முறையாக முந்தியதில் அவள் பூரித்துப்போய், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு போயிருச்சுடி!" என்று குதித்தது போனிலேயே கேட்டது. அவனும் உட்கார்ந்தபடியே கேட்டில் தன் நாற்காலியை எங்கே போடுவது, மத்தியான வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் யோசித்து முடித்துவிட்டான்.

அப்போதுதான் மெஷினம்மா, "அய்யய்யோ," என்றாள்.

"என்னம்மா?"

"முன்னாடி வந்தவரோட கட்டத்தை மாத்த மறந்துட்டேன். அவர் இக்கரை. நீங்க அக்கரைல்ல?"

"எங்க தாத்தா அங்கேருந்து பரிசல்ல வந்தாரு. நான் இங்கதான் பொறந்தேன். நீச்சல்கூடத் தெரியாது."

"உங்க வேலை அட்டையில அக்கரைன்னுதான் போட்டிருக்கு." அவள் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டு மாற்றினாள். ஊதச் சொல்லவில்லை. அட்டைக் குழாய் இன்னும் அவன் மடியில்தான் கிடந்தது. மெஷின் இரண்டாவது காகிதத்தைத் துப்பியது.

"எண்பத்தஞ்சு. நார்மல்."

சீட்டி இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். லிட்டர் அதேதான், புள்ளி மாறவில்லை.

"அதே மூச்சுதானம்மா?"

"அதே மூச்சுதான். ஆனா உங்க ஆளுங்களுக்கு நுரையீரல் இயற்கையிலேயே சின்னது. அதனால கம்மியா ஊதினாலும் உங்களுக்கு அது போதும்னு கணக்கு."

"யாரு சொன்னா?"

"அந்தக் காலத்துல பெரிய டாக்டருங்க அக்கரை ஆளுங்க ஆயிரம் பேரை ஊதச் சொல்லி அளந்திருக்காங்க."

"எங்க வச்சு அளந்தாங்க?"

மெஷினம்மா சற்று யோசித்தாள். "பட்டறையிலதான். வேற எங்க அத்தனை பேரு ஒரே இடத்துல கிடைப்பீங்க?"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும், அவள் பார்வை அவன் சட்டையில் படிந்திருந்த வெள்ளைத் தூசிக்குப் போனது. பிறகு முதல் காகிதத்தை வாங்கி நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டாள். விதி அப்படி. தப்பான காகிதம் வெளியே போனால் அவள் வேலை போய்விடும்.

வீட்டுக்குப் போன் செய்து, வியாதி இல்லை என்று சொன்னபோது எதிர்முனையில் எழுந்த அழுகையைக் கேட்டு வெளியே நின்ற ஆட்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று தொப்பியைக் கழற்றினார்கள்.

சீட்டி சும்மா விடவில்லை. டாக்டரைப் பார்த்தான். டாக்டர் காகிதத்தை மட்டும் பார்த்தார். "எண்பத்தஞ்சா? உங்க ஆளுங்கள்ல நீங்க பயில்வான்யா!" என்று தோளைத் தட்டினார். தட்டிய வேகத்தில் பயில்வானுக்கு இருமல் வந்து ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்டான். "அது பொறப்பு விஷயம். மாத்தணும்னா மறுபடி பொறந்துதான் வரணும்," என்றார் குமாஸ்தா.

"அப்போ எங்க அக்கா பசங்க? அப்பன் இக்கரை, ஆத்தா அக்கரை. அதுங்களுக்கு எந்த நுரையீரல்? வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணா?"

குமாஸ்தா அதை ஒரு சீட்டில் எழுதி மேலே அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பியும் இருப்பார். மேலே என்பது எவ்வளவு மேலே என்று யாருக்குத் தெரியும்?

மாமா கேட்டில் உட்கார்ந்தார். தினமும் காலையில் சீட்டி உள்ளே போகும்போது இருவருக்கும் நடக்கும்.

"என்ன மாப்ள, எட்டு நிமிஷத்து நோயாளி?"

"சிரிங்க மாமா. உங்களவிட நான் கம்மியாத்தான் ஊதுனேன்."

"ரெண்டு தடவ ஊதியிருப்பே. மொத தடவ சோம்பேறித்தனமா ஊதியிருப்பே. மெஷினு எங்கேயாவது பொய் சொல்லுமா? உங்க ஆளுங்க உடம்பு வாகு வேற மாப்ள. குத்தமா சொல்லல. எறும்பு சின்னதுதான், மூட்டை தூக்கலையா?"

"எறும்பு கல்லு அறுக்குதா மாமா?"

மாமா கேட்டைத் திறந்துவிடுவார். ஆனாலும் நம்பமாட்டார். நம்பினால் தன் நாற்காலி ஆடும் என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம் இருந்ததோ என்னவோ. அக்கா நடுவில் கிடந்து தவித்தாள். புருஷனுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் தம்பி ஞாபகம் வந்து, ஒருநாள் பாதி மருந்தை அவனுக்குத் திருட்டுத்தனமாகக் கொடுத்தனுப்பினாள். இரண்டு பேருக்கும் பாதி மருந்தில் பாதிகூடக் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. முதலில் சீட்டி படியேறுவதை நிறுத்தினான். பிறகு பேச்சைச் சுருக்கினான். அப்புறம் ஒருநாள் பலகைக் கல்லை வாங்கிய கையோடு அதன் மேலேயே சாய்ந்துவிட்டான். ரம்பத்தை நிறுத்த ஆள் ஓடியதால் தலை தப்பியது. அந்த மாதப் பரிசோதனையில் எண்பத்தொன்று. இன்னும் நார்மல்தான். வேலைக்கு வரவில்லை என்று அவன் பெயரை அடித்துவிட்டார்கள். நோயாளி இல்லாதவன் வீட்டில் படுத்திருந்தால் அதற்குப் பெயர் சோம்பல்தானே?

அடுத்த மாதம் மாமாவுக்கு மறுபரிசோதனை. ஊதினார். எழுபத்து மூன்று. சாப்பாட்டு நேரம், அறையில் வேறு யாரும் இல்லை. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு வெளையாட்டுக்கு. எனக்கு அந்த அக்கரைக் கட்டத்தத் தொட்டுப் பாருங்களேன்."

மெஷினம்மா கதவைப் பார்த்தாள். "உங்க மாப்ள எப்படி இருக்காரு?"

"மூணு தலகாணி வச்சுச் சாஞ்சு கெடக்கான்."

அவள் கட்டத்தைத் தொட்டாள். திரையில் சிவப்பாக இருந்தது பச்சையானது. எண்பத்தாறு. நார்மல்.

மாமா ஒரு நொடி அந்தப் பச்சையைப் பார்த்தார். தன் மருந்து, தன் நாற்காலி, மத்தியான நிழல் எல்லாம் அந்தப் பச்சைக்குள் முழுகிப்போவது தெரிந்தது. "மாத்துங்க! பழையபடி மாத்துங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. அவள் மாற்றினாள். அவர் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்.

நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். சீட்டி சுவரோடு சாய்ந்து கிடந்தான். பக்கத்தில் தரையில் அக்கா. ஏழாம் நம்பர் ரம்பத்துக்குப் புதிதாக வந்த அக்கரைப் பையனின் அப்பா, ஒரு வெல்டர், எதிரே உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார். சீட்டி சொல்லச் சொல்ல, அவனுக்கு மூச்சு வாங்கும் இடங்களை அக்கா பேசி நிரப்பினாள்.

"...ஒரே மூச்சு. மொதல்ல... வியாதி. அப்புறம் பொத்தான..."

"அமுக்குனாங்களாம், பயில்வான் ஆயிட்டானாம்," என்றாள் அக்கா.

வெல்டர் சிரித்தார். "நல்லாத்தான் கதை விடுறீங்க."

"இந்தா, நம்பாத ஆளு வந்துட்டாரு," என்றான் சீட்டி. "கேளுங்க. பொய்யின்னுதான் சொல்லுவாரு."

மாமா உட்காரவில்லை. "நானும் இன்னிக்கு மாத்திப் பாக்கச் சொன்னேன் மாப்ள."

சீட்டி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். "எவ்வளவு?"

"எண்பத்தாறு."

"அடேங்கப்பா. என்னவிட... பெரிய பயில்வான்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "அப்படியே விட்டுட்டீங்களா?"

மாமா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாத்தச் சொல்லிட்டேன்."

"நல்ல காரியம். ரெண்டு பேரும் ஆரோக்கியமாப் போயிட்டா... அக்காவ யாரு பாக்குறது?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவுவதைத் தவிர அங்கே யாராலும் செய்ய முடிந்தது வேறொன்றும் இல்லை. வெல்டர் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய பையன் அந்நேரம் ஏழாம் நம்பரில் கல் வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க சொல்றாரு இவரு? நெசமாவே அப்படி நடந்துச்சா?"

மாமா தொண்டையைச் செருமினார். அது இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"நடந்துச்சு," என்றார்.