அக்கா கலந்த மாத்திரை

மருந்துக்கடை அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சளி மாத்திரை வாங்க வந்தவரைக்கூடச் சும்மா விடமாட்டாள். இரும்பைப் போல உடம்புக்குள்ளும் துரு பிடிக்கிறது, முதுமை, மூட்டு வீக்கம், இதயநோய் எல்லாம் அதன் வேலைதான் என்று ஒரு பாட்டம் அளந்து, துருவைத் தடுக்கும் மாத்திரையைத் தலையில் கட்டிவிடுவாள். ஏமாற்றுக்காரி இல்லை, பாவம். நம்பித்தான் சொன்னாள்.

அவளுடைய தம்பி கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். பெற்றவர்கள் போனபின் அவள் வளர்த்த பிள்ளை. அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும்போதே, தான் எழுதித் தராத எதையும் கொடுக்க வேண்டாமென்று டாக்டர் சொன்னார். நன்றாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து அதே மாத்திரைகளைப் பொடித்து, தாராளமாகவே பழச்சாற்றில் கலந்தாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை.

பலன் கண்ணெதிரே தெரிந்தது. சிகிச்சை அறைக்கு வெளியே மற்றவர்கள் தொண்டை வெந்து தண்ணீர்கூட இறங்காமல் தவிக்க, இவன் ரொட்டியைக் கடித்துக்கொண்டு அக்காவை டாக்டரம்மா என்று கிண்டலடித்தான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து நோயாளியின் மனைவி ரகசியம் கேட்டதும் மாத்திரையின் பெயரைக் காதில் ஓதினாள். அந்த அம்மாள் விவரமானவள், நேரே டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

டாக்டர் வெளியே வந்து எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். கதிர் உள்ளே உண்டாக்குவதே அந்தத் துருவைத்தான், கட்டியின் செல்களை அப்படி அரித்துத்தான் கொல்கிறது, அந்த மாத்திரை கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம் என்றார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோருக்கும் வெந்த தொண்டை இவனுக்கு மட்டும் ஏன் வேகவில்லை? இதற்கா இத்தனை நாள் பூரித்தாள், படுபாவி! டாக்டரின் அறைக்குள் தனியே போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சிலருக்கு இயல்பாகவே புண் குறைவாக வரும் என்றார்.

"பாதிப்பு இருக்கா இல்லையான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். இன்னையோட நிறுத்திடுங்க."

அன்று மாலை வெறும் பழச்சாற்றை நீட்டினாள். தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"இன்னைக்குக் கசக்கலையே, அக்கா."

அவள் உடைந்துபோய் அழுதுகொண்டே சொல்லி முடித்தாள். அவன் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா. தினமும் அடியில பொடி தங்கிக் கிடக்குமே. டாக்டர் வேண்டாம்னதும் ஞாபகம் இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா குடிச்சே?"

"நீதானே குடுத்தே," என்றான்.